மலையிலிருந்து இறங்கிப் போகிறவை

என் அப்பா தேயிலை ஸ்டோரில், ரோலர் அறையில், முப்பத்தொரு வருடம் வேலை செய்தவர். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருக்கு இரவுச் சாப்பாடு கொண்டு போவேன். உருட்டி எடுத்த இலையை மெல்லிய படுக்கையாகப் பரப்பியிருப்பார்கள். பச்சை போய், செம்புக்காசு நிறத்துக்கு வந்துகொண்டிருக்கும். அப்பா ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்துப் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்" என்பார், இல்லாவிட்டால் "எடுங்கடா" என்பார். டீமேக்கர் ஐயாவிடம் வெப்பமானியும் கடிகாரமும் இருந்தன. மழை நாட்களில் அவரும் அப்பாவின் முகத்தைத்தான் பார்ப்பார்.

அந்த ஸ்டோரின் பழைய டிரையரில் வார்ப்பு எழுத்துகள் இருந்தன. ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதில் நான் முதலில் வாசித்த இரண்டு சொற்கள் அவைதான்: சிரோக்கோ, பெல்பாஸ்ட். பெல்பாஸ்ட் எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டேன். "மெசின் செய்யுற ஊரு" என்றார்.

போன மாதம் அக்காவின் மகள் போன் செய்தாள். உயர்தரத்தில் பொருளியல் படிக்கிறாள். "மாமா, நம்ம நாட்டுல தேயிலை இருக்கு, றப்பர் இருக்கு, மாணிக்கம் இருக்கு, காரீயம் இருக்கு. அப்புறம் ஏன் சாமான் செஞ்சு வெளிநாட்டுக்கு விக்க முடியல?" ஒப்படைக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். நான் கொழும்பில் ஒரு ஷிப்பிங் கம்பனியில் பதினான்கு வருடமாக ஏற்றுமதிப் பத்திரங்கள் எழுதுகிறவன். எந்தக் கொள்கலனில் என்ன போகிறது என்பது என் மேசையைத் தாண்டித்தான் போகும். அதனால் என்னிடம் பதில் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். போனில் ஏதோ சொல்லி வைத்தேன். அது போதவில்லை என்று எனக்கே தெரிந்தது. ஆகவே இதை எழுதுகிறேன்.

முதலில் மாணிக்கத்தில் தொடங்குகிறேன். இரத்தினபுரிக் குழிகளில் நீலக்கல்லோடு சேர்ந்து பால் கலந்தது போன்ற மங்கலான கற்களும் வரும். கெவுட கல் என்பார்கள். நீண்ட காலம் அதற்கு மதிப்பே இருக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அந்தக் கல்லை மலிவாக அள்ளிக்கொண்டு போனார்கள். சந்தபுரி என்ற ஊரில் அதைச் சூளையில் வைத்து 1,600 பாகைக்கு மேல் சூடேற்றினார்கள். பால் கலைந்து உள்ளே நல்ல நீலம் வந்தது. நம் மண்ணில் பிறந்த கல் தாய்லாந்தில் நீலக்கல்லாகி உலகச் சந்தைக்குப் போனது. கல் நம்முடையது, வெப்பம் அவர்களுடையது. எத்தனை மணி நேரம், எந்த அளவு சூடு, சூளைக்குள் காற்று எப்படி இருக்க வேண்டும் என்ற அறிவுக்குத்தான் விலை. பிறகு நம்மவர்களும் சூளை வைத்துக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்டதற்குள் எவ்வளவோ கல் போய்விட்டது.

புல்மோட்டைக் கடற்கரை மணலிலும் இதே கதைதான். இல்மனைட்டை அப்படியே கப்பலில் ஏற்றுகிறோம். அதிலிருந்து வெளிநாட்டில் எடுக்கிற வெள்ளை நிறமிதான் பெயின்ட் வாளிக்குள் இருந்து நம் கடைகளுக்குத் திரும்பி வருகிறது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம், அதாவது பென்சிலுக்குள் இருக்கிற கிராபைட், உலகத்தில் கிடைப்பதிலேயே மிகத் தூய்மையான வகைகளில் ஒன்று. அதுவும் பெரும்பாலும் துண்டாகவும் தூளாகவும்தான் போகிறது.

சரி, தேயிலை. இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் தேயிலை முழுக்க மூலப்பொருளும் இல்லை. பறித்த கொழுந்தை ஒரே நாளில் வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, காயவைத்து, சலித்துத் தரம் பிரிக்கிற ஸ்டோர் ஒவ்வொரு மலையிலும் இருக்கிறது. அது உற்பத்திதான். ஆனால் அங்கேயே நின்றுவிட்டது. கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883இல் நடந்தது. இன்றும் எங்கள் தோட்டத்துத் தேயிலை அந்த ஏலத்துக்குத்தான் போகிறது. அண்மை வருடங்களில் கிலோவுக்குச் சராசரியாக 1,200 ரூபா அளவில் விலை வந்திருக்கிறது. ஒரு தேயிலைப் பைக்குள் இருப்பது இரண்டு கிராம். ஆக ஒரு கிலோவில் ஐந்நூறு பை போடலாம். வெளிநாட்டுக் கடையில் இருபத்தைந்து பை கொண்ட பெட்டி என்ன விலை என்று அங்கே இருக்கிற உறவுக்காரரைக் கேட்டு, நீங்களே இருபதால் பெருக்கிப் பாருங்கள்.

அந்தப் பெருக்கலைப் போட்டுவிட்டு "வெள்ளைக்காரன் கொள்ளையடிக்கிறான்" என்று நிறுத்திக்கொள்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பை போடும் மெசின் இத்தாலியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வருகிறது. வடிதாள் அபாக்கா என்ற வாழை இனத்து நாரில் செய்தது, அதுவும் இறக்குமதி. நூலும் பெட்டி அட்டையும் கூடப் பல வேளைகளில் இறக்குமதிதான். இவற்றை வாங்கிக் கொண்டுவந்து, கலவையைச் சரியாக்கி, ஒரு பெயரை உலகத்துக்குப் பழக்கப்படுத்துவது ஒரு தலைமுறை வேலை. டில்மா என்ற பெயரை மெரில் ஜே. பெர்னாண்டோ கட்டியெழுப்பிய விதம் அப்படித்தான். செய்யவே முடியாது என்று இல்லை, செய்தவர் இருக்கிறார். ஆனாலும் நான் எழுதுகிற பத்திரங்களில் பாதியளவு இன்னும் சாக்குத் தேயிலைதான், துபாய்க்கும் ஹம்பேர்க்குக்கும். துபாயில் ஒரு தேயிலைச் செடி கிடையாது. ஜெபல் அலி வலயத்தில் பல நாட்டுத் தேயிலையையும் கொண்டுவந்து கலந்து, பொதி செய்து, மறுபடி ஏற்றுமதி செய்கிறார்கள்.

இங்கேயும் பிற நாட்டு மலிவுத் தேயிலையை இறக்கிக் கலக்க விடவேண்டும் என்று ஏற்றுமதியாளர்கள் பல வருடமாகக் கேட்கிறார்கள். வேண்டாம், சிலோன் டீ என்ற பெயர் கெட்டுவிடும் என்கிறார்கள் பயிரிடுகிறவர்கள். நான் தோட்டத்துப் பிள்ளை, அந்தப் பயம் எனக்கும் உண்டு. அந்தப் பெயர் மட்டும்தான் எங்கள் மலையில் மிச்சம் இருக்கிற சொத்து. ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக இந்த வாதத்தையே பேசிக்கொண்டு, கலவையையும் பொதியிடலையும் சுற்றி வளர்ந்திருக்கக்கூடிய தொழில்களைக் கைவிட்டுவிட்டோம் என்ற கோபமும் உண்டு.

இப்போது றப்பரைப் பாருங்கள், கேள்வி இன்னும் கூர்மையாகும். தொழிற்சாலைகளுக்குள் ஓடுகிற போர்க்லிப்ட் வண்டிகளுக்குப் போடும் திண்ம டயரில் இலங்கை உலகின் முன்வரிசை உற்பத்தியாளர். நம்மூர் றப்பர் போதாமல் வெளியிலிருந்து வாங்கிச் செய்கிறார்கள். தென்னையிலும் அப்படித்தான்: சிரட்டைக் கரியிலிருந்து வடிகட்டிக் கரி, தும்பிலிருந்து செடி வளர்க்கும் கட்டி. ஒரே நாடு, ஒரே அரசு, ஒரே துறைமுகம். றப்பர் டயரானது. தேயிலை சாக்கிலேயே போனது. ஏன்?

நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். இது ஆய்வு இல்லை, என் கணிப்பு. டயர் செய்ய ஆள் வேண்டும்: கலவையின் வேதியியல் தெரிந்தவன், அச்சு வெட்டத் தெரிந்தவன், மெசின் பழுதானால் திருத்தத் தெரிந்தவன். களுத்துறை, கேகாலைப் பக்கத்து றப்பர் கிராமங்களுக்குள் ஓரளவு பள்ளிக்கூடம் இருந்தது, பஸ் இருந்தது, வாக்குரிமை இருந்தது. எங்கள் மலையில் இவை பெரும்பாலும் இல்லாமலே நூறு வருடம் தேயிலை நடந்தது. நடக்கவும் முடிந்தது. அதுதான் விசயமே.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டு வருடத்தில் கோப்பிக்கு நோய் வந்தது, மலை முழுக்கத் தேயிலையானது. ரயில் 1884இல் ஹட்டனுக்கு வந்தது, அடுத்த வருடம் நானுஓயாவுக்கு. எங்கள் பாட்டன்மாரைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து லயம் என்ற வரிசை வீடுகளில் வைத்தார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளத் தெரிந்தால் போதும். அதற்கு மேல் யாராவது எதையாவது கற்றுக்கொண்டால் அவர் தோட்டத்தை விட்டுப் போய்விடுவார், அவ்வளவுதான். ஒரு முதலாளிக்குத் தன் தொழிலாளியின் பிள்ளை படிப்பதில் இலாபம் இல்லாத ஏற்பாடு அது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியே நின்றன, 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு வரை, ஒரே வாத்தியார், ஒரே கொட்டகை.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003 வரை ஆனது. இதைப் பொருளாதாரக் கட்டுரையில் ஏன் எழுதுகிறேன் என்றால், அதே வருடங்களில்தான் அரசின் வருமானத்தில் கணிசமான பகுதி தேயிலை, றப்பர், தேங்காய் ஏற்றுமதித் தீர்வையாகத் துறைமுக வாசலில் கிடைத்தது. அந்தக் காசில்தான் நாட்டுக்கு அரிசி மானியமும் ஆஸ்பத்திரியும். நான் அவற்றைக் குறை சொல்லவில்லை, நல்ல செலவுகள். ஆனால் துறைமுக வாசலில் காசு விழுகிறவரைக்கும், அந்தக் கொழுந்தைக் கிள்ளுகிறவளுக்கு வேறு என்ன செய்யத் தெரியும் என்று எந்த அரசும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கேட்கும்படி செய்ய அவளிடம் வாக்கும் இல்லை.

வளம் சாபம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள் என்றாள் மருமகள். டச்சு நோய் என்ற சொல்லும் அவள் குறிப்பில் இருந்தது. 1959இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் பெரிய எரிவாயு வயல் கிடைத்தது. வாயு விற்ற காசு உள்ளே வரவர அந்த நாட்டு நாணயத்தின் மதிப்பு ஏறியது, மற்றத் தொழிற்சாலைகளின் சரக்கு வெளிநாட்டில் விலை கூடிப்போய்த் தேங்கியது. 1977இல் ஒரு ஆங்கில வாரஇதழ் வைத்த பெயர் அது. நமக்கு அந்த நோய் உண்டா என்றால், உண்டு, ஆனால் வேறு வழியாக வருகிறது. 2024இல் தேயிலை கொண்டுவந்தது சுமார் 140 கோடி டொலர். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் அனுப்பியது 650 கோடிக்கு மேல். எங்கள் லயங்களிலிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்களின் காசும் அதில்தான் இருக்கிறது. முன்பு கொழுந்து இறங்கியது, இப்போது ஆளே இறங்குகிறார்கள். அந்த டொலரையும் கடன் டொலரையும் வைத்து ரூபாவை உயர்த்திப் பிடிக்க முடிந்தது. பிடித்தார்கள்.

அது தரையில் எப்படி இருக்கும் என்பதை வெலிமடைப் பக்கத்து அண்ணன் ஒருவரிடம் பார்த்தேன். பேரிக்காய், ஸ்ட்ரோபெரி ஜாம் செய்கிறவர், எட்டுப் பேர் வேலை செய்தார்கள். துபாய்க் கடைக்காரர் ஒருவர் மாதிரி பார்த்துவிட்டு ஓடர் தந்தார். பத்திரம் எழுத என்னிடம் வந்தார். முதலில் போத்தல். உள்ளூரில் வாங்க அவர்கள் கேட்ட குறைந்த அளவு இவருடைய இரண்டு வருடத் தேவை. இறக்குமதி செய்தால் தீர்வைக்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி, அதற்கு மேல் துறைமுக வரி. ஏற்றுமதிக்கென்றால் விலக்குப் பெறலாம், அதற்கு வங்கி உத்தரவாதம் வேண்டும், வங்கி காணி உறுதி கேட்டது. அவர் இருந்தது தோட்டத்து வீட்டில். எங்கள் சனத்தில் எத்தனை பேருக்கு உறுதி இருக்கிறது? பிறகு பரிசோதனைச் சான்றிதழுக்குக் கொழும்புக்கு ஏழு மணி நேர பஸ். எல்லாம் முடித்து விலை சொன்னபோது டொலர் 200 ரூபாவில் கட்டிவைக்கப்பட்டிருந்தது, அந்தக் கணக்கில் இந்திய ஜாம் மலிவு. கடைக்காரர் பொறுக்கச் சொன்னார். 2022 மார்ச்சில் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். டொலர் 360 வரை போனது. அண்ணனின் விலை ஒரே மாதத்தில் மலிவானது, ஆனால் அப்போது கேஸ் இல்லை, டீசல் இல்லை, ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் இல்லை. இப்போது ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வருகிறவர்களுக்கு விற்கிறார். துபாய் பற்றிக் கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்.

கரண்ட் என்றதும் இன்னொன்று. லக்சபான 1950, மேல் கொத்மலை 2012. மேல் கொத்மலை ஒன்றே 150 மெகாவாட். எங்கள் ஆறுகளை மறித்து எடுத்த மின்சாரம் கீழே போய் ஏற்றுமதி வலயங்களின் தையல் மெசின்களை ஓட்டியது. அந்தக் கம்பிகள் தலைக்கு மேல் போகும் லயங்களில் குப்பி விளக்கில் படித்தவன் நான்.

அக்கா அந்த மெசின் ஒன்றில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தாள். 1977இல் பொருளாதாரத்தைத் திறந்தார்கள், அடுத்த வருடம் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம். 1992இல் ஊரூராக 200 கார்மெண்ட் தொழிற்சாலை வைக்கும் திட்டம். உண்மையில் நாடு செய்த பெரிய உற்பத்தி ஏற்றுமதி இதுதான்: இப்போது வருடத்துக்கு ஏறத்தாழ 500 கோடி டொலர், தேயிலையைப் போல மூன்று மடங்குக்கு மேல். கவனியுங்கள், இந்தத் தொழிலுக்கு நம் மண்ணிலிருந்து எதுவும் தேவைப்படவில்லை. பருத்தி இங்கே கிடையாது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு உடை வாங்கலாம் என்று பணக்கார நாடுகள் வைத்திருந்த கோட்டா இருந்தது, சட்டை தைக்கக் கற்றுக்கொண்ட பெண்பிள்ளைகள் இருந்தார்கள். 2004 முடிவில் கோட்டா போனபோது தொழில் விழும் என்றார்கள். விழவில்லை, ஏனென்றால் அதற்குள் உள்ளாடையும் விளையாட்டு உடையும் தைக்கிற அளவுக்குக் கைகள் தேறிவிட்டன. மண்ணுக்குள் இருந்தது கை கொடுக்காத இடத்தில் கைக்குள் இருந்தது கொடுத்தது. ஆனால் அதற்கு அடுத்த படிக்கு ஏறவில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் பொருள், சேவை ஏற்றுமதி 2000இல் 39 வீதமளவில் இருந்தது, பத்து வருடத்தில் 20 வீதத்தை ஒட்டி இறங்கியது.

அடுத்த படி எதுவாக இருந்திருக்கும் என்பதற்கு மலேசியாவைப் பார்க்கலாம். அங்கேயும் வெள்ளைக்காரன் தோட்டம், அங்கேயும் தமிழர். றப்பரும் வெள்ளீயமும் விற்ற நாடு. 1972இல் பினாங்கில் வலயம் அமைத்தார்கள், அதே வருடம் இன்டெல் வந்தது. இங்கேயும் மோட்டோரோலா, ஹாரிஸ் என்ற இரண்டு அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் கட்டுநாயக்கவுக்கு வர ஆயத்தமாயின. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், கொழும்பு எரிந்தது. அவர்கள் வரவில்லை. அந்த ஜூலையில் எங்கள் சித்தப்பா குடும்பம் மலையை விட்டு வவுனியாவுக்கு ஓடியது, திரும்பவில்லை. மலேசியத் தோட்டத் தமிழர் அந்த வளர்ச்சியில் நல்ல பங்கு பெற்றார்கள் என்று சொல்ல வரவில்லை, தோட்டங்கள் விற்கப்பட்டபோது வீதிக்கு வந்தவர்கள் அவர்களிலும் ஏராளம். ஆனால் பினாங்கில் தொழிற்சாலை வந்தபோது ஒரு பிள்ளை படித்துப் போய் நிற்க ஓர் இடம் இருந்தது.

அக்கா வேலையை விட்டபோது சேமலாப நிதிக் காசும் முதுகுவலியும் மிச்சம். இன்னொரு தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை கேட்டாள். அனுபவம் உண்டு, சான்றிதழ் இல்லை, சிங்களம் எழுத வராது என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை காலர் தைக்கலாம், எந்த மெசினின் ஊசி ஏன் உடைகிறது என்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவளோடு மலைக்குத் திரும்பியது. அப்பாவின் மூக்கும் அப்படித்தான். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென்ட் கூம்ஸில்தான் இருக்கிறது. எங்கள் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் போகும் தூரம். எங்கள் லயத்தில் அப்பா காலத்தில் ஒருவர் கூட அதற்குள் கால் வைத்ததில்லை, வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

நாள் சம்பளம் 1,000 ரூபாவுக்காக எங்கள் சனம் பல வருடம் வீதியில் நின்று 2021இல்தான் அதைக் கண்டது. கூலி மலிவாக இருப்பது ஏற்றுமதிக்கு நல்லது என்று கொழும்பில் கோட் போட்டவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கூலி மலிவாக இருந்ததால்தான் மலையில் யாரும் மெசின் மாற்றவில்லை, ஆளைப் பழக்கவில்லை. இப்போது பிள்ளைகள் தோட்ட வேலைக்கு வருவதில்லை, ஆள் இல்லாமல் மலைகள் காடாகின்றன. 2021 ஏப்ரலில் டொலரை மிச்சம் பிடிக்க இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்த முடிவெடுத்தார்கள். 2021இல் 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை அடுத்த வருடம் 251 மில்லியன் கிலோவாக விழுந்தது. டொலர் கொண்டுவருகிற செடிக்கே சாப்பாட்டை வெட்டினார்கள்.

மருமகளின் ஒப்படை இன்னும் முடியவில்லை. போன ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். ஸ்டோரைப் பார்க்க வேண்டும் என்றாள். அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது, கைத்தடியோடு அவரும் வந்தார். பெல்பாஸ்ட் டிரையர் இல்லை, வேறொன்று நிற்கிறது. டீமேக்கர் சின்னப் பையன், மரியாதையாக உள்ளே விட்டான். அப்பா குனிந்து ஒரு பிடி இலை அள்ளினார்.

"இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்" என்றார்.

"எப்படித் தெரியும் தாத்தா?"

"பச்சை வாசம் போகணும். போயி, ஆப்பிள் பழம் மாதிரி ஒரு வாசம் வரும். அது வந்த ஒடனே எடுக்கக் கூடாது..."

அவள் கொப்பியைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள். டீமேக்கர் பையன் வெப்பமானியை எடுத்து வந்து இலைக்குள் செருகி, எண்ணைப் படித்துச் சொன்னான். அதையும் எழுதினாள். "சரி தாத்தா, அப்புறம்?" என்றாள். அப்பா கைத்தடியை என்னிடம் தந்துவிட்டு இரண்டு கையாலும் இலையை அள்ளினார்.